ஓட்டுக் கேட்காமல் குடியரசுத் தலைவரானவர்

"ஜெர்மனியில் ஓர் அரசு அதிகாரி, மக்களிடம் ஒருமுறைகூட ஓட்டுக் கேட்காமல் குடியரசுத் தலைவரானார், பிறகு ஒரு வானொலிப் பேட்டியால் பதவியை விட்டுப் போனார் என்கிறார்களே, அவர் யார்? உண்மையில் என்ன நடந்தது?" என்பது கேள்வி.

அவர் பெயர் ஹோர்ஸ்ட் கோலர். 2004 ஜூலை 1 முதல் 2010 மே 31 வரை ஜெர்மனியின் குடியரசுத் தலைவர். கேள்வியில் இருப்பது ஏறக்குறைய சரிதான். ஆனால் "அதிகாரியாக இருந்து அரசியல்வாதி ஆனவர்" என்று அவரைப் பற்றி வழக்கமாகச் சொல்வதை நான் பாதிதான் ஏற்பேன். பதவி மாறியது, ஆள் மாறவில்லை. மாளிகைக்குள் போன பிறகும் அவர் அதிகாரியாகவே இருந்தார். அவருடைய நல்ல காரியங்களுக்கும் அந்த விலகலுக்கும் வேர் ஒன்றே என்பது என் கணிப்பு.

முதலில் அந்த நாட்டு ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் அரசு அதிகாரி ஒரு கட்சியில் உறுப்பினராக இருப்பது குற்றமில்லை. தேர்தலில் நின்று நாடாளுமன்றம் போனால் அவருடைய அரசுப் பணி ரத்தாவதில்லை, நிறுத்திவைக்கப்படும், அவ்வளவுதான். பதவிக்காலம் முடிந்ததும் திரும்பி வரலாம். அதனால்தான் அந்த நாடாளுமன்றத்தில் ஆசிரியர்களும் அதிகாரிகளும் எப்போதும் நிறைய. அமைச்சகங்களின் உச்சியில் வேறொரு வகை உண்டு. துறைச் செயலாளர்களும் அவர்களுக்கு அடுத்த நிலையிலுள்ள பிரிவுத் தலைவர்களும் 'அரசியல் அதிகாரிகள்' என்றே சட்டத்தில் அழைக்கப்படுகிறார்கள். அரசின் போக்கோடு ஒத்துப்போக வேண்டியவர்கள் என்பதால், காரணம் எதுவும் சொல்லாமல் எந்த நாளிலும் அவர்களைத் தற்காலிக ஓய்வுக்கு அனுப்பலாம். ஆட்சி மாறினால் இவர்களில் பலருடைய மேசை காலியாகும். கோலர் ஏறிப் போனது இந்த ஏணியில்தான். கட்சி அட்டை வைத்திருந்தார். கட்சி மேடை ஏறியவர் அல்லர்.

பிறந்தது 1943 பிப்ரவரி 22 அன்று, நாஜிப் படைகள் பிடித்து வைத்திருந்த போலந்தில், ஸ்கியெர்பியெஷூவ் என்ற கிராமத்தில். பெற்றோர் விவசாயிகள், இன்றைய மால்டோவா இருக்கும் பெஸ்ஸராபியாப் பகுதியில் தலைமுறைகளாக வாழ்ந்த ஜெர்மானியர்கள். ஹிட்லரும் ஸ்டாலினும் வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டதில் 1940இல் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. போலந்துக் குடும்பங்களை அடித்து விரட்டிய ஊர் ஒன்றில் இவர்களைக் குடியமர்த்தினார்கள். அப்படி வந்த வீட்டில்தான் எட்டுப் பிள்ளைகளில் ஏழாவதாக அவர் பிறந்தார். 1944இல் சோவியத் ராணுவமான செம்படை நெருங்கியதும் மறுபடி ஓட்டம், இம்முறை லைப்சிக் பக்கத்துக்கு. அது கிழக்கு ஜெர்மனி ஆயிற்று. 1953இல் மேற்கு பெர்லின் வழியாக இன்னொரு ஓட்டம். அதன் பிறகு நான்கு வருடங்கள் அகதி முகாம்கள். 1957இல் லுட்விக்ஸ்பர்க் நகரில்தான் குடும்பத்துக்குச் சொந்தமென்று ஒரு முகவரி கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 14. சொந்த ஊர் எது என்று கேட்டால் அவரிடம் நேரான பதில் இருந்ததில்லை.

ஓர் ஆசிரியர் தூண்டியதால் மேல்நிலைப் பள்ளிக்குப் போனார். பிறகு இரண்டு ஆண்டு ராணுவ சேவை, டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம், அங்கேயே ஆய்வு உதவியாளர் வேலை. தொழில்நுட்ப முன்னேற்றம் தொழிலாளர்களின் வேலையை எப்படிப் பறிக்கிறது என்பது முனைவர் பட்ட ஆய்வுக்குப் பொருள். 1976இல், மேற்கு ஜெர்மனியின் தலைநகராக இருந்த பான் நகரில், மத்தியப் பொருளாதார அமைச்சகத்தில் சேர்ந்தார். 1981இல் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி உறுப்பினரானார். அதே ஆண்டில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில முதல்வர் கெர்ஹார்ட் ஸ்டோல்டன்பெர்க்கின் அலுவலகத்துக்குப் போனார். 1982இல் ஹெல்முட் கோல் பிரதமராகி, ஸ்டோல்டன்பெர்க்கை நிதியமைச்சராக்கியபோது, அமைச்சரோடு இவரும் பானுக்குத் திரும்பினார். (பிரதமர் கோல், அதிகாரி கோலர்: பெயரில்தான் ஒற்றுமை, உறவு எதுவும் இல்லை.)

அடுத்த பதினோரு ஆண்டுகள்தான் அவர் வாழ்க்கையின் கனமான பகுதி என்பேன். குடியரசுத் தலைவராக இருந்த ஆறு ஆண்டுகளைப் பற்றி எழுதியவர்கள் இதை இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது சரியில்லை.

1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தது. கிழக்கிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மேற்கின் மார்க் நாணயம் அவர்களைத் தேடிப் போகாவிட்டால் அவர்கள் மார்க்கைத் தேடி வந்துவிடுவார்கள் என்ற நிலை. நிதியமைச்சகத்தில் பணமும் கடனும் பார்க்கும் பிரிவுக்கு அப்போது கோலர்தான் தலைவர். 1990 தொடக்கத்தில், ஹான்ஸ் டீட்மையர் மத்திய வங்கிக்குப் போனதும், அவர் இடத்தில் துறைச் செயலாளரானார். அமைச்சர் தியோ வைகல். இரு ஜெர்மனிகளுக்கும் ஒரே நாணயம் என்ற திட்டத்தின் வரைவு இந்த அறைகளில்தான் உருவானது. அதை எழுதிய பிரிவு அதிகாரி திலோ சராசின் என்பவர். அவரும் பின்னாளில் அரசியலுக்கு வந்தார். பெர்லினின் நிதியமைச்சராகி, குடியேறிகளைப் பற்றி எழுதிய நூலால் பெரும் சர்ச்சையில் சிக்கி, கடைசியில் சமூக ஜனநாயகக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அது தனிக் கதை. ஒரே பிரிவிலிருந்து கிளம்பிய இரண்டு அதிகாரிகள் எவ்வளவு தூரம் விலகிப் போக முடியும் என்பதற்காகச் சொன்னேன்.

1990 பிப்ரவரியில் பிரதமர் கோல் நாணய ஒன்றியத்தை அறிவித்தார். ஜூலை 1 அன்று அது நடைமுறைக்கு வந்துவிட்டது. ஐந்தே மாதம்! சம்பளமும் ஓய்வூதியமும் ஒன்றுக்கு ஒன்று என்று மாறின. சேமிப்பில் வயதுக்கேற்ப 2,000 முதல் 6,000 மார்க் வரை ஒன்றுக்கு ஒன்று. அதற்கு மேல் இரண்டுக்கு ஒன்று. கிழக்கின் தொழிற்சாலைகள் ஒரே நாளில் மேற்கின் நாணயத்தில் கூலி கொடுக்க வேண்டியதாயிற்று, பல இழுத்து மூடப்பட்டன. அரசியல் அவசரத்துக்குக் கொடுத்த விலை அது. வேறு வழி இருந்ததா என்று பொருளாதார அறிஞர்கள் இன்னமும் மல்லுக்கட்டுகிறார்கள். அந்த அவசரத்தில் வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது மாஸ்கோ. கிழக்கு ஜெர்மனியில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட சோவியத் வீரர்கள், குடும்பங்களோடு. அவர்கள் வெளியேற ஒப்புக்கொள்ளாமல் ஜெர்மனிக்கு முழு இறையாண்மை இல்லை. வெளியேறினால் தங்குவதற்கு அவர்களுக்கு ஊரில் வீடு இல்லை. ஆகவே பேச்சுவார்த்தை ராணுவத்தைப் பற்றியது போலத் தோன்றினாலும், பேசியது காசைப் பற்றி. 1990 செப்டம்பரில் பிரதமர் கோல் 8 பில்லியன் மார்க் என்று தொடங்கினார், கோர்பச்சேவ் ஒப்பவில்லை. 12 பில்லியனும், மேலே வட்டியில்லாக் கடனாக 3 பில்லியனும் என்று முடிந்தது. அதில் பெரும்பகுதி திரும்பிப் போகும் வீரர்களுக்கு வீடு கட்டுவதற்கு. தொலைபேசியில் முடித்தவர்கள் இரண்டு தலைவர்கள். கணக்கைச் சுமந்துகொண்டு மாஸ்கோவுக்கும் பானுக்கும் அலைந்தவர்களில் கோலர் முக்கியமானவர். கடைசி வீரர்கள் 1994 ஆகஸ்ட் இறுதியில் கிளம்பினார்கள். ஒரு குண்டுகூட வெடிக்காமல் ஒரு வல்லரசின் படை ஊரைக் காலி செய்தது. இரண்டு வயது ஆவதற்கு முன்பே செம்படைக்குப் பயந்து ஓடிய குடும்பத்துப் பிள்ளை அதற்குக் கணக்கெழுதினான்.

மூன்றாவது மாஸ்ட்ரிக்ட். யூரோவுக்கு அடித்தளமிட்ட அந்த ஒப்பந்தத்தின் நாணயப் பகுதியை ஜெர்மனி சார்பில் பேசியவர் கோலர். 1992 பிப்ரவரியில் கையெழுத்தானது. ஒரு நாட்டின் கடனுக்கு மற்ற நாடுகள் பொறுப்பேற்காது என்ற விதி அதில் இருந்தது. 2010 மே மாதத்தில் கிரேக்கக் கடனுக்கு உதவும் சட்டம் அவர் மேசைக்குக் கையெழுத்துக்கு வந்தது. போட்டார். அப்போது மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று கற்பனை செய்து பார்ப்பதுண்டு.

இவற்றுக்கு இடையே, ஜி-7 எனப்படும் ஏழு பணக்கார நாடுகளின் உச்சி மாநாடுகளுக்குப் பிரதமரின் தனிப் பிரதிநிதியும் அவரே. மலையேறுபவர்களுக்கு வழிகாட்டிச் சுமை தூக்குபவர்களின் பெயரால் 'ஷெர்பா' என்பார்கள் இந்தப் பணியை. கொடி நடும்போது படத்தில் ஷெர்பா இருக்கமாட்டார்.

1993இல் அமைச்சகத்தை விட்டுச் சேமிப்பு வங்கிகள் சங்கத்தின் தலைவரானார். 1998இல் லண்டனில், முன்னாள் கம்யூனிச நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் ஐரோப்பிய வளர்ச்சி வங்கியின் தலைவர். 2000இல் வாஷிங்டன், சர்வதேச நாணய நிதியத்தின் நிர்வாக இயக்குநர். அந்தப் பதவிக்கும் அவர் முதல் பெயரல்லர். சமூக ஜனநாயகக் கட்சிப் பிரதமர் ஷ்ரோடரின் அரசு முதலில் முன்னிறுத்திய காயோ கோக்-வேஸரை அமெரிக்கா ஏற்கவில்லை. மாற்றுப் பெயராக எதிர்க்கட்சிக்காரரான கோலர் போனார். அங்கே அவர் காலத்தில்தான் 2001 டிசம்பரில் அர்ஜென்டினா கடனைத் திருப்பித் தர முடியாமல் கைவிரித்தது. நிதியத்துக்கும் அது பெரிய அவமானம். அந்த ஆண்டுகளில் உலக வங்கித் தலைவர் வுல்ஃபன்சனோடு சேர்ந்து போன ஆப்பிரிக்கப் பயணம் அவரை மாற்றியது என்று பலர் சொல்கிறார்கள். பின்னால் அவர் பேச்சில் ஆப்பிரிக்கா வந்துகொண்டே இருந்ததைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

இனி 2004. ஜெர்மனியின் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்கள் அனைவரும், அதே எண்ணிக்கையில் மாநிலங்கள் அனுப்பும் பிரதிநிதிகளும் சேர்ந்த பேரவை ஒன்று கூடி, பேச்சு விவாதம் எதுவுமின்றி ஓட்டுப் போட்டுக் கலையும். அந்த ஆண்டு அதில் பெரும்பான்மை எதிர்க்கட்சிகளுக்கு இருந்தது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் மூத்த தலைவர் வொல்ஃப்காங் ஷொய்ப்ளே பதவியை எதிர்பார்த்துக் காத்திருந்தார். சுதந்திர ஜனநாயகக் கட்சி அவரை ஏற்கவில்லை. அவருடைய கட்சித் தலைவர் அங்கெலா மெர்க்கலும் அவருக்காக முட்டிமோதவில்லை. மார்ச் மாதம் ஓர் இரவில், சுதந்திர ஜனநாயகக் கட்சித் தலைவர் வெஸ்டர்வெல்லேவின் பெர்லின் வீட்டில் மூன்று தலைவர்கள் உட்கார்ந்து பேசி எடுத்த பெயர், கோலர். யாருக்கும் எதிரியில்லை என்பதே தகுதி. மறுநாள் நாட்டின் மிகப்பெரிய நாளிதழ் கேட்டது: "ஹோர்ஸ்ட்... யார்?"

மே 23 அன்று 604 ஓட்டு பெற்றார். தேவைப்பட்டது 603. எதிர்த்து நின்ற பேராசிரியர் கெசினே ஷ்வானுக்கு 589. ஐந்தாண்டு கழித்து, 2009இல், தேவை 613. கிடைத்தது சரியாக 613. இரண்டு முறையும் நூலிழை. மக்களிடம் அவருக்கு இருந்த செல்வாக்கு மிகப் பெரிது. கட்சிக்காரர்கள் மத்தியில் எப்போதும் நூலிழைதான்.

பதவி ஏறக்குறைய அலங்காரம்: சொற்பொழிவு, பதக்கம், வெளிநாட்டுப் பயணம். ஆனால் ஒரு வேலை உண்டு. எந்தச் சட்டமும் அவர் கையெழுத்தில்லாமல் வெளியாகாது. பெரும்பாலான தலைவர்கள் இதைச் சடங்காக முடிப்பார்கள். கோலருக்கு முப்பது ஆண்டுகள் கோப்புப் படித்த கண். கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்திடும் பழக்கம் இல்லை.

2005 ஜனவரியில் வான் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பயங்கரவாதிகள் கடத்திய பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்த அதில் அனுமதி இருந்தது. கையெழுத்திட்டார், ஆனால் இது அரசியல் சட்டத்துக்கு ஒத்துவருமா என்ற ஐயத்தைப் பகிரங்கமாகச் சொல்லி, நீதிமன்றம் பார்க்கட்டும் என்றார். 2006 பிப்ரவரியில் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்த அனுமதியைத் தூக்கியெறிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் பெரும்பகுதியைத் தனியாருக்கு விற்கும் சட்டம், கையெழுத்திட மறுத்தார். வான்வழிக் கட்டுப்பாடு மத்திய அரசின் கையிலேயே இருக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம் என்றார். டிசம்பரில் நுகர்வோர் தகவல் சட்டம். உணவுப் பொருள் பற்றிய தகவலைப் பொதுமக்களுக்குத் தரச் சொல்லும் நல்ல சட்டம்தான். ஆனால் செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, மத்தியச் சட்டம் நேரடியாக ஊராட்சிகளுக்கு வேலை ஏவக்கூடாது. மூன்று மாதத்துக்கு முன் தாங்களே போட்ட விதியை நாடாளுமன்றம் மறந்துவிட்டது. இவர் மறக்கவில்லை. திருப்பி அனுப்பினார். ஒரே ஆண்டில் இரண்டு மறுப்புகள், அதுவும் தன்னைத் தேர்ந்தெடுத்த கட்சியே ஆளும்போது! "குடியரசுத் தலைவர் அரசியல் சட்டக் குமாஸ்தாவா?" என்று முணுமுணுத்தார்கள். எனக்கு அவருடைய பதவிக்காலத்தில் மிகவும் பிடித்த பகுதி இந்தக் குமாஸ்தா வேலைதான்.

எல்லாவற்றிலும் இப்படி எதிர்த்து நின்றார் என்று நினைக்கக் கூடாது. 2005 ஜூலையில் ஷ்ரோடர் வேண்டுமென்றே நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்று, நாடாளுமன்றத்தைக் கலைக்கச் சொன்னபோது, மூன்று வாரம் யோசித்துக் கலைத்தார். செம்படைப் பிரிவு என்ற இடதுசாரித் தீவிரவாத அமைப்பின் கிறிஸ்தியான் கிளார் கருணை மனு கொடுத்தபோது, நேரில் சந்தித்துப் பேசினார். பிறகு 2007 மே மாதம் மனுவை நிராகரித்தார். 2008இல் உலக நிதிச் சந்தைகளை 'அரக்கன்' என்று வர்ணித்தார், அடக்கியே தீர வேண்டும் என்றார். வங்கிகளின் வீட்டிலிருந்து வந்தவர் வாயில் அந்தச் சொல்! அடுத்த சில மாதங்களில் அமெரிக்க வங்கியான லீமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது.

இப்போது பேட்டி. 2010 மே 21 அன்று ஆப்கானிஸ்தானில் மஸார்-இ-ஷரீஃப் அருகே ஜெர்மன் ராணுவ முகாமுக்குப் போனார். திரும்பும் விமானத்தில் வானொலி நிருபரிடம் பேசினார். சாரம் இது: ஏற்றுமதியை நம்பி வாழும் இவ்வளவு பெரிய நாடு, அவசியம் நேர்ந்தால் தன் நலன்களைக் காக்க ராணுவ நடவடிக்கையும் தேவைப்படலாம் என்று உணர வேண்டும், வணிகப் பாதைகளைத் திறந்து வைப்பது, நம் வேலைவாய்ப்பையும் வருமானத்தையும் பாதிக்கும் பிராந்தியக் குழப்பங்களைத் தடுப்பது போன்றவை.

சில நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு பற்றிக்கொண்டது. பசுமைக் கட்சியின் யூர்கன் டிரிட்டின், போர்க்கப்பலைக் காட்டி மிரட்டும் 'பீரங்கிக் கப்பல் ராஜதந்திரம்' என்றார். ஏற்றுமதிக்காகப் போர் புரியச் சொல்கிறாரா, அரசியல் சட்டத்தை மீறுகிறாரா என்ற கேள்விகள் குவிந்தன. சோமாலியக் கடற்கொள்ளையரைத்தான் சொன்னார் என்று அலுவலகம் விளக்கியது. எடுபடவில்லை, பேட்டி எடுத்த இடம் ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பும் விமானம்.

அவர் சொன்னதில் புதிது ஒன்றும் இல்லை என்பதுதான் வேடிக்கை. தடையற்ற வணிகப் பாதைகள் ஜெர்மனியின் பாதுகாப்பு நலன் என்று 2006ஆம் ஆண்டு பாதுகாப்பு அமைச்சகத்தின் வெள்ளை அறிக்கையிலேயே இருக்கிறது. அறிக்கையில் எழுதினால் அது கொள்கை. விமானத்தில் களைத்துப்போய் வாயால் சொன்னால் அது வெடிகுண்டு. தேர்ந்த அரசியல்வாதிக்கு இந்த வேறுபாடு ரத்தத்தில் இருக்கும். ஒரு வாக்கியத்தை எதிராளி எங்கே வெட்டி எடுப்பான் என்று அவன் பேசும்போதே பார்த்துவிடுவான். அதிகாரிக்கு அந்தப் பயிற்சி இல்லை; கோப்பில் எழுதிய குறிப்பை முழுதாகப் படிப்பார்கள் என்று நம்பி வளர்ந்தவர்.

மே 31 மதியம், குடியரசுத் தலைவரின் பெல்வியூ மாளிகை. மனைவி எவா லூயிசே பக்கத்தில் நிற்க, கண் கலங்கிய நிலையில் அறிக்கை படித்தார். அரசியல் சட்டத்துக்குப் புறம்பான போரை ஆதரித்தேன் என்ற குற்றச்சாட்டு அடிப்படையற்றது, அது இந்தப் பதவிக்குரிய மரியாதையைக் குலைக்கிறது என்றார். அந்தக் கணத்திலிருந்தே பதவி விலகல். அப்போது பிரதமராக இருந்த மெர்க்கலுக்கு அன்றுதான் தொலைபேசியில் சொன்னார். அவர் தடுத்தும் கேட்கவில்லை. முன்பு குடியரசுத் தலைவர் ஹைன்ரிக் லுப்கே, தேதியை முன்கூட்டியே சொல்லிவிட்டு, பதவிக்காலம் முடிய இரண்டரை மாதம் முன்னதாகப் போனதுண்டு, ஆனால் சொன்ன நொடியில் நாற்காலியைக் காலி செய்த முதல் குடியரசுத் தலைவர் இவர்தான். பொறுப்பு அன்றே மாநிலங்கள் அவையின் தலைவரான பிரெமன் மேயர் யென்ஸ் பொயர்ன்சனுக்குப் போயிற்று. ஜூன் 30 அன்று கிறிஸ்தியான் வுல்ஃப் தேர்வானார்.

ஆகவே கேள்விக்கு வருகிறேன்: பேட்டியாலா போனார்? பேட்டியைத் தாங்கியிருக்க முடியும். இதைவிடப் பெரிய உளறல்களைத் தாண்டி வந்தவர்கள் உண்டு. நிதி நெருக்கடியின் நடுவில் ஒரு விமர்சனத்துக்காக ஓடிவிட்டார், பொறுப்பற்ற செயல் என்று அப்போது பலர் எழுதினார்கள். அதில் நியாயம் இருக்கிறது. வேறு ரகசியக் காரணம் தேடி, யூரோ மீட்புச் சட்டத்தில் கையெழுத்திட வற்புறுத்தினார்கள் என்று கதை கட்டியவர்களும் உண்டு. அதற்கு ஆதாரம் யாரும் காட்டவில்லை. என் பார்வையில், நேர்மையைச் சந்தேகித்தால் மேசையைக் காலி செய்வது என்ற பழைய அதிகாரியின் ரோஷம் அது. அரசியல்வாதிக்கு அது ஒரு மோசமான வாரம், அடுத்த வாரம் வேறு செய்தி வரும். இவருக்கு அடுத்த வாரம் என்ற கணக்கே தெரியவில்லை. அந்தக் கடுகடுப்பான சட்டச் சோதனைகளைச் செய்ய வைத்ததும் இதே குணம்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட முடியாது.

பிறகு ஏறக்குறைய ஒதுங்கியே இருந்தார். ஐ.நா.வின் புதிய வளர்ச்சி இலக்குகளை வகுத்த உயர்மட்டக் குழுவில் உறுப்பினரானார். 2017இல் மேற்கு சஹாரா சிக்கலுக்கு ஐ.நா. பொதுச்செயலாளரின் தனித் தூதர். அந்தப் பகுதி தனக்கே என்னும் மொராக்கோவும் அதன் விடுதலை கோரும் பொலிசாரியோ முன்னணியும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2018 டிசம்பரில் ஜெனீவாவில் அவர்களையும் அல்ஜீரியாவையும் மவுரிடேனியாவையும் சேர்த்து உட்கார வைத்தார். 2019 மார்ச்சில் மறுபடியும். முடிவு எதுவும் எட்டவில்லை. இரண்டு மாதம் கழித்து உடல்நலத்தைக் காரணம் காட்டி விலகினார். அவருக்குப் பின் அந்த மேசைக்கு ஆள் கிடைக்க ஐ.நா.வுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2025 பிப்ரவரி 1 அன்று பெர்லினில், 81 வயதில் காலமானார்.